எல்லை தெரியாத ஊர்கள்: கல்முனைக் கரையில் காணியும் வீடும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி முதன்முறையாக பஸ்ஸில் வரும் ஒருவரிடம், “பாண்டிருப்பு எங்கே முடிகிறது, கல்முனை எங்கே தொடங்குகிறது?” என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மதிலுக்கு அடுத்து மதில், கடைக்கு அடுத்து கடை. ஆனால் ஊரவருக்கு எல்லை நன்றாகத் தெரியும். எந்த ஒழுங்கையோடு தமிழர் வளவுகள் முடிகின்றன, எதிலிருந்து முஸ்லிம்களின் வளவுகள் ஆரம்பமாகின்றன என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

இவ்வூர்கள் ஏன் இவ்வளவு நெருங்கின? இந்நெருக்கத்தின் சுமை யார் தலையில் விழுகிறது? அயலவர் என்ற முறையில் நாம் செய்யக்கூடியது என்ன? இம்மூன்று வினாக்களையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

1. கடலுக்கும் வயலுக்கும் இடையே

கிழக்கே கடல், மேற்கே வெள்ளாண்மை வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் மேடு. மழைக்காலத்தில் வயல்நிலம் வெள்ளக்காடாகும்; மணல் மேட்டிலோ தண்ணீர் தேங்காது, ஆழம் தோண்டாமலே நல்ல தண்ணீர் கிடைக்கும். எனவே எமது முன்னோர் மேட்டில் குடியிருந்து பள்ளத்தில் பயிர் செய்தனர். அன்று அது அறிவுள்ள ஏற்பாடு.

சனம் பெருகியபோது ஊர் விரிவதற்குத் திசை இருக்கவில்லை. 1949 இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டம் மேற்கே பெருநிலத்தை நீர்ப்பாசனத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அங்கு குடியேற்றப்பட்டோரில் பெரும்பாலானோர் பிற பகுதிகளிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள். 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கச்சேரி உள்நாட்டில் அம்பாறை நகரில் அமைந்தது. பின்னர் 2009 வரை நீடித்த யுத்த காலத்தில், தூரத்து வயல்களுக்குப் போகமுடியாமல் பலர் காணியை இழந்தனர். இவ்வாறாக, கரையோரத்தவர் மணல் மேட்டிலேயே மேலும் மேலும் நெருங்கினர்.

2. மகளுக்கொரு வீடு

நெருக்கத்துக்கு இன்னொரு காரணம் எமது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்குச் சீதனமாக வீடு எழுதப்படுகிறது. மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீடு கட்டி அடுத்த மகளோடு அங்கே போகின்றனர்.

இதன் நன்மையை முதலில் காண்போம். காணி உறுதி பெண்ணின் பேரில் இருக்கிறது. தாயும் சகோதரிகளும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். கணவன் கைவிட்டாலும் கூரை அவளுடையது. பல நாடுகளில் பெண்கள் இன்றும் போராடிக் கேட்கும் உரிமையொன்று எமது ஊரில் வழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது.

இனி அதன் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். கால் ஏக்கர் வளவு, அதாவது 40 பேர்ச், மூன்று பெண் மக்களுக்குப் பிரிந்தால் ஒருவருக்குப் 13 பேர்ச். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் ஒருத்திக்கு 4 பேர்ச்சுக்குச் சற்று அதிகம். அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் அடங்கவேண்டும். மணலில் குழி நீர் வடிகட்டாமலே கிணற்றை அடையும். ஒரு வீட்டுக் குழி அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் என்றால், நோய் எல்லையைக் கேட்டுவிட்டு வராது.

வீடு கட்டமுடியாத தகப்பன் என்ன செய்கிறான்? கடன்படுகிறான். தம்பிமார் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, அக்கா தங்கைக்குக் கல் அரிய வெளிநாடு போகின்றனர். சில வீடுகளில் தாயே மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். காணி மலிவாக இருந்த இடமோ கடலோரம். ஏழைகளின் வீடுகள் அலைக்கு அண்மையில் எழுந்தன.

3. கடல் வந்த நாள்

2004 டிசெம்பர் 26 அன்று சுனாமி இலங்கையில் அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான்; 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வரிசைகள் அழிந்தன. நெருக்கம் மரணத்தைப் பெருக்கியது.

அதன்பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இவ்வொடுங்கிய மேட்டில் 200 மீற்றரை விட்டுவிட்டு எங்கே போவது? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு வழங்குவது என்ற இனப் பிணக்கு நீதிமன்றம் சென்றதனால், ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்தன.

சத்தமின்றி இன்னொன்றும் நடந்தது. புதிய வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பேரில் பதியப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அவளுடைய உரிமையைப் படிவத்தின் ஒரு கட்டம் கொண்டுபோனது. நிவாரணப் பணியில் ஓடித்திரிந்த எம்மில் எத்தனைபேர் அன்று இதைக் கவனித்தோம்? உதவி செய்யப் போகிறவர் முதலில் ஊரின் வழக்கத்தைப் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

4. வேறொரு நாட்டின் அனுபவம்

இலண்டன் மாநகருக்கு அண்மையிலுள்ள சிறு நகரங்களும் கிராமங்களும் ஒரு காலத்தில் இவ்வாறே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. அதைத் தடுக்க 1938 இல் ‘பசுமை வலயச்’ சட்டம் கொண்டுவந்தார்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே வயலும் காடும் காப்பாற்றப்பட்டன. ஆனால் கட்டுவதற்கு நிலம் அருகியதும் ஒரு காரணமாக வீட்டு விலை ஏறியது. அவ்வூர்ப் பிள்ளைகள் பலருக்குச் சொந்த ஊரில் வீடு எட்டாக்கனியாயிற்று.

எமது பசுமை வலயம் மேற்கே உள்ள வயல்தான். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்பக்கூடாது. ஆயினும் மண் போட்டு நிரப்புகிறார்கள். நிரப்பிய இடத்திலிருந்து விரட்டப்பட்ட வெள்ளம் அயலூருக்குள் போகிறது. வயலைக் காக்க வேண்டும் என்பதும் உண்மை. வீடற்ற பெண்ணுக்கு இடம் வேண்டும் என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் பேசுவோர் பாதி உண்மையே பேசுகின்றனர்.

5. நாம் செய்யக்கூடியது

கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடைபெற்றது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. எவர் கோரிக்கை நியாயம் என்று தீர்ப்பிடுவது இப்பாடத்தின் நோக்கமன்று. இக்கோரிக்கைகளுக்கு அடியில் ‘எமக்கு மிஞ்சியிருக்கும் காணியும் போய்விடுமோ’ என்ற அச்சம் இருக்கிறது. அது இரு பக்கத்திலும் இருக்கிறது. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் வெள்ளமும் கிணற்று நீரும் அதைக் கடந்தே போகும். ஆகவே:

அ. வெள்ளநீர் ஓடும் வாய்க்காலும் தோணாவும் எந்த ஊரையும் சேர்ந்தவையல்ல. மழைக்கு முன் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகிகள் ஒன்றாகக் கூடி அவற்றைப் பார்வையிடலாம்.

ஆ. ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு மாடிக்கும் தனி உறுதி எழுத 1973 முதல் எமது நாட்டில் சட்டம் உண்டு. சிறு வளவைத் துண்டாடாமல் சகோதரிகள் மேலும் கீழுமாக, தத்தம் பேரில் வாழலாம்.

இ. எந்த வீட்டுத் திட்டத்திலும் படிவம் நிரப்பும் பணியாளர், “இழந்த வீட்டின் உறுதி யார் பேரில் இருந்தது?” என்று முதலில் கேட்கவேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பாட்டியின் வளவு எத்தனை பேர்ச்? இன்று அது எத்தனை துண்டு?

2. உங்கள் கிணற்றுக்கும் அண்மையிலுள்ள குழிக்கும் இடையே எத்தனை அடி? அளந்து பாருங்கள்.

3. உங்கள் ஊர் வெள்ளம் எந்த ஊருக்குப் போகிறது? அவ்வூரவரோடு அதுபற்றி எப்போதாவது பேசியதுண்டா?

4. சீதன வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பா, குடும்பத்துக்குச் சுமையா? பெண்கள் முதலில் பேசட்டும், ஆண்கள் கேட்கட்டும்.