யூரோப்பாவில் உயிரைக் கண்டுவிட்டார்களா?

"வியாழனின் நிலவான யூரோப்பாவில் உயிர் இருப்பது உறுதியாம், அதைப் பிடிக்கத்தான் நாசா கலம் அனுப்பியிருக்கிறதாம்." கைப்பேசிகளில் சுற்றும் இந்தக் கதையின் இரண்டு பாதியும் பிழை. 2024 ஒக்டோபர் 14இல் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர், 2030இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவை 49 தடவை நெருங்கிக் கடக்கும். அங்கே உயிர் வாழத்தக்க சூழல் உண்டா என்பதே அதன் கேள்வி.

சூரியனுக்கு அவ்வளவு தொலைவில் நீர் உறையாமல் இருக்குமா? வெள்ளவத்தைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே கடல்மட்டம் ஒரு மீற்றர்கூட மாறுவதில்லை. யூரோப்பாவில் பனிக்கட்டி ஓடே ஏறத்தாழ 30 மீற்றர் ஏறி இறங்கும் என்று கணிக்கிறார்கள், மூன்றரை நாளுக்கு ஒரு முறை. வியாழனின் ஈர்ப்பு இப்படிப் பிசைவதில் உள்ளே வெப்பம் பிறக்கிறது. 1990களில் கலிலியோ விண்கலம் அளந்த காந்தப்புலமும் உப்புநீர்க் கடலையே சுட்டியது.

வெயில் படாத இடத்தில் உயிர் வாழாது என்பதும் நிலைக்கவில்லை. 1977இல் கலாபகோஸ் அருகே, கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி இரசாயன சக்தியில் வாழும் நுண்ணுயிர்களும் அவற்றை நம்பிய விலங்குகளும் தென்பட்டன.

ஆனால் மிக ஆழமாக வேரோடிய பிழை வேறொன்று: சேதனச் சேர்வை கிடைத்தால் உயிர் கிடைத்துவிட்டது என்பது. அதைத் திருத்தியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போன சிறில் பொன்னம்பெரும. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அவர் குழு ஆராய்ந்தது. சேதனச் சேர்வைகளான அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை வடிவத்தையே எடுக்கின்றன. அந்தக் கல்லிலோ இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. பூமியில் ஒட்டிய அழுக்கும் அல்ல, உயிர் ஆக்கியதும் அல்ல. விண்வெளி இரசாயனம் தானாகவே சமைத்தது. 1970இல் வெளியான இந்த முடிவை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது எனக்கு வருத்தம். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1982இல் ‘2010’ நாவலில் யூரோப்பாவுக்கு உயிர் கொடுத்ததைப் பலரும் அறிவார்கள்; அது கற்பனை.

சனியின் நிலவான என்செலடஸ் பீச்சும் நீரில் சேதனச் சேர்வைகளும் ஐதரசனும் பொஸ்பேற்றும் இருப்பதைக் காசினி விண்கலத்தின் தரவுகள் காட்டின. அவை உயிருக்கு வேண்டிய பொருள்கள், உயிர் அல்ல. இடக்கையையும் வலக்கையையும் பிரித்தறியும் கருவி காசினியில் இல்லை. அந்தக் கருவியோடு என்செலடஸுக்கு இன்னும் எந்தக் கலமும் புறப்படவில்லை.