தீப்பெட்டி டாங்கிகள்: மேசைப் போர் விளையாட்டுக்குச் சில குறிப்புகள்

லீவு விட்டால் பெடியள் கைபேசியோடு மூலையில் ஒதுங்குகிறார்களா? சின்ன டாங்கிகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டைப் பழக்கிவிடுங்கள். பொம்மைக்குக் காசு கொட்ட வேண்டாம். தேவையான சாமான் குசினியிலும் வாடியிலும் கிடக்கிறது. எங்கள் மண்ணில் நடந்ததை மேசைக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை. ஆகவே 1965 செப்டெம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பக்கம், அசல் உத்தரில் நடந்த சண்டையை எடுத்துக்கொண்டோம். பாகிஸ்தானிடம் அமெரிக்கப் பற்றன்கள். இந்தியாவிடம் பிரித்தானிய சென்சூரியன், பழைய ஷேர்மன், பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13. ஒன்றைப்போல் மற்றது இல்லாததுதான் இதன் ருசி.

1. நூறில் ஒரு பங்கு அளவு வையுங்கள். 1 மீற்றர் 1 சென்ரிமீற்றர் ஆகும், சின்னப் பிள்ளையும் கணக்குப் பார்க்கும். சென்சூரியனின் அகலம் ஏறக்குறைய 3.4 மீற்றர், தீப்பெட்டி அகலத்துக்குச் சரி. நீளத்துக்கு ஒன்றரைப் பெட்டி ஒட்டுங்கள். ஏ.எம்.எக்ஸுக்கு ஒரு பெட்டியே போதும், அகலத்தில் மட்டும் 1 சென்ரிமீற்றர் வெட்டிவிடுங்கள்.

2. பற்றனின் மேல்கூடு உருண்டை. கொட்டைப்பாக்கைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து ஒட்டினால் அச்சாக வரும். சென்சூரியனின் இரு பக்கமும் பால்மாப் பெட்டி மட்டையில் நேரான தகடு ஒட்டுங்கள். ஏ.எம்.எக்ஸின் மேல்கூட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால், எட்ட நின்றே எது எது என்று சொல்லிவிடலாம்.

3. குழலுக்கு ஊசியோ கம்பியோ வேண்டாம், எங்கள் கடற்காற்றுக்கு ஒரு மாதத்தில் துரு ஏறும். ஈர்க்கில் துண்டு போதும். பழைய காற்சட்டையின் சிப்பைப் பிரித்து இரு பக்கமும் ஒட்டினால் சங்கிலிச் சக்கரம் தயார்.

4. கோதுமை மாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை சீனக்காரம் போடுங்கள், சீக்கிரம் புளிக்காது.

5. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் பேணியின் அடியில் கிடப்பதே ஒரு படைக்குக் காணும். இரு பக்கமும் பச்சைதான் என்பதால், ஒரு பக்கத்தின் குழல்களுக்கு மட்டும் சிவப்பு நூல் சுற்றிவிடுங்கள். தூரிகையை உடனே மண்ணெண்ணெயில் கழுவாவிட்டால் அடுத்த முறை புதிதுதான் வாங்க வேண்டும்.

6. மண்ணிற விரிப்பை மேசையில் போட்டு, அடியில் பழைய கொப்பிகளைச் செருகினால் மேடு வந்துவிடும். மணல் தூவ ஆசையா? கடல் மணலை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் காயவையுங்கள். உப்பு இருந்தால் ஈரம் இழுத்துப் பசை விட்டுவிடும்.

7. தேய்ந்த தும்புத்தடியை எறிய வேண்டாம். தும்பை 3 சென்ரிமீற்றருக்குக் கத்தரித்து மட்டையில் நட்டால் கரும்புத் தோட்டம். டாங்கியின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே இந்தியப் படை கரும்புக்குள் ஒளிந்திருந்து, பற்றன்கள் கிட்ட வந்ததும் சுட்டது. ஆகவே தும்புக்குள் இருக்கும் டாங்கியை ஒரு சாணுக்கு அப்பால் இருந்து சுடக்கூடாது என்று விதி வையுங்கள்.

8. வாய்க்காலை உடைத்து வயலில் நீர் பாய்ச்சியதால்தான் பற்றன்கள் சேற்றில் புதைந்தன, எனவே தண்ணீர் இல்லாமல் இந்த ஆட்டம் உப்பில்லாக் குழம்பு. தேயிலைச் சாயம் பூசிய மட்டையின் மேல் பொலித்தீன் தாளை ஒட்டி வயலாக விரியுங்கள். அதில் இறங்கும் டாங்கிக்குத் தாயக்கட்டை உருட்டி, 3 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் அங்கேயே நிற்கட்டும்.

9. அளவு நாடா தேடி நேரம் போக்க வேண்டாம், ஈர்க்கில்களை வெட்டி வையுங்கள். சென்சூரியன் மணிக்கு 35 கிலோமீற்றர் அளவில் ஓடும், பற்றன் 48, ஏ.எம்.எக்ஸ் 60. அதே விகிதத்தில் 7, 10, 12 சென்ரிமீற்றர் குச்சிகள், ஷேர்மனுக்கு 8.

10. ஏ.எம்.எக்ஸின் சுழலும் பெட்டிகளில் 12 குண்டுகள்தான். தீர்ந்தால் வெளியே இறங்கித்தான் நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 12 புளியங்கொட்டை வைத்து, சுடச்சுட ஒன்றாக எடுங்கள். முடிந்ததும் மேசை ஓரத்துக்குத் திரும்பட்டும். ஓட்டத்தில் கெட்டிக்காரனுக்கும் ஒரு கடிவாளம் வேண்டாமா?

11. தேய்ந்த அழிறப்பரில் ஒரு ஜீப் செய்து, மேலே ஈர்க்கில் குழல் வையுங்கள். ஜீப்பில் பூட்டிய 106 மில்லிமீற்றர் பீரங்கியோடு பற்றன்களை எதிர்த்து விழுந்த அப்துல் ஹமீதுக்கு, இறந்தபின் பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். சுட்டதும் பின்னால் புழுதி கிளம்பி இருப்பிடம் தெரிந்துவிடும்; அதனால் ஒருமுறை சுட்டால் அடுத்த முறை கட்டாயம் இடம் மாற வேண்டும், பட்டால் ஒரே அடியில் போச்சு.

12. எண்ணிக்கையைச் சமமாக வைத்தால் ஆட்டம் சப்பென்று போகும், பெறுமதியைச் சமமாக்குங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: பற்றன், சென்சூரியன் 4, ஷேர்மன் 3, ஏ.எம்.எக்ஸ் 2, ஜீப் 1. பக்கத்துக்கு 20 என்றால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சோறும் ஆறாது.

13. தாயக்கட்டை தொலைந்தால் 6 சோழி. ஆனால் சோழியில் நடு எண்களே அடிக்கடி விழும் என்பதால், பெரிய அதிர்ஷ்டத்தை நம்பும் பிள்ளைக்கு இது பிடிக்காது.

14. பள்ளிமுனைப் பெருக்க மரத்தை இந்த அளவில் செய்தால் அடிமரம் 6 சென்ரிமீற்றர் வரும், ஏ.எம்.எக்ஸ் முழுதாக அதன் பின்னால் ஒளியும். காய்ந்த ஊமல் ஒன்றின் தும்பை மேலே சிலுப்பிவிட்டால் அந்த மரமேதான். பஞ்சாபில் பெருக்க மரம் ஏது என்று கேட்பவர் கேட்கட்டும், எங்கள் மேசையில் ஒன்று நிற்கும்.

15. அடிபட்ட டாங்கிகளைத் தட்டத்தில் வரிசையாக அடுக்குங்கள், வெற்றி தோல்வி எண்ணச் சுலபம். பிக்கிவிண்ட் பக்கத்தில் பிடிபட்ட பற்றன்களை அப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள், அந்த இடத்துக்குப் பற்றன் நகர் என்றே பெயர் வந்தது. ஆட்டம் முடிந்ததும் பழைய துணி சுற்றி பிஸ்கற் ரின்னில் போட்டு மூடினால் எறும்பு அண்டாது.

16. அடுத்த லீவுக்கு 1971 நவம்பரில் இன்றைய பங்களாதேஷில் நடந்த கரிப்பூர் சண்டை. இந்தியாவின் நீந்தும் பி.ரி.-76 டாங்கிகள் 14, பாகிஸ்தானின் சாஃபீ 14. கடலோரப் பிள்ளைகளுக்கு நீந்தும் டாங்கி என்றால் கேட்கவா வேண்டும்! பி.ரி.-76க்கு ஒன்றரைப் பெட்டி, சாஃபீக்கு ஒன்று என மொத்தம் 35 தீப்பெட்டி வேண்டும். இப்போதே அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிவையுங்கள்.