லூட் கருவியின் இணை நரம்புகள்

ஐரோப்பாவின் பழைய நரம்புக் கருவிகளுள் லூட் என்பது மிக்க மதிப்புப் பெற்றது. பேரிக்காயை நெடுக்கே பிளந்தாற்போன்ற உடலை உடையது. அதன் பிற்கால வடிவமாகிய பரோக் லூட்டில் நரம்புகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும். வாசிப்போர் ஓர் இணையை ஒரே நரம்பெனக் கருதி மீட்டுவர். அவ்விரண்டையும் ஒரே சுருதியில் அமைப்பதா, அன்றி ஒன்றை மற்றதனினும் ஒரு ஸ்தாயி உயர்த்தி அமைப்பதா என்னும் வினாவை ஈண்டு ஆராய்வோம்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தார் 11 வரிசையுடைய லூட்டை வாசித்தனர். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியில் 13 வரிசையுடையது வழக்கில் வந்தது. டிரெஸ்டன் அரசவை வித்துவானாகிய சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் (1687-1750) அதில் பெரும்புகழ் பெற்றவர். இதில் முதலிரண்டு வரிசைகளும் ஒற்றை நரம்புகள். ஏனைய 11-ம் இணைகள். ஆக நரம்புகள் 24. பொதுவழக்கின்படி மூன்று முதல் ஐந்து வரையுள்ள இணைகள் ஒரே சுருதியின. ஆறாவது முதலாகிய மந்தர இணைகள் ஸ்தாயி வேறுபட்டன.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? நீளமும் இழுவிசையும் பொருளும் ஒத்த இரு நரம்புகளுள், ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பது இருமடங்கு பருமனாதல் வேண்டும். அக்காலத்து நரம்புகள் ஆட்டுக் குடலால் திரிக்கப்பட்டவை. பருத்த குடல் நரம்பு எளிதில் வளையாது. ஆதலின் அதன் மேலொலிகள் விரைவில் மாய, ஓசை மங்கிப்போம். உடன் நிற்கும் மெல்லிய நரம்பு அம்மேலொலிகளை ஈடு செய்து, மந்தர ஸ்வரத்திற்குத் தெளிவு தருகிறது. நடு இணைகளோ அத்துணைப் பருமனில்லாதவை. அவற்றிற்கு இத்துணை வேண்டுவதில்லை.

எனினும் இம்முறைக்கு மறுப்பும் உண்டு. 1610-இல் இலண்டனில் ராபர்ட் டௌலண்ட் வெளியிட்ட நூலில், அவர் தந்தையாராகிய ஜான் டௌலண்ட், ஸ்தாயி இணை சங்கீத விதிக்கு மாறானதென்னும் கருத்தை எடுத்துரைத்தார். பரோக் லூட்டிற்கு முற்பட்ட கருவியைப் பற்றியதாயினும், அம்மறுப்பின் நியாயம் இதற்கும் பொருந்தும். ஒரு மந்தர ஸ்வரத்தின்மேல் அதன் ஐந்தாம் ஸ்வரம் நிற்பதாகக் கொள்வோம். மந்தரத்தின் மெல்லிய துணை அவ்வைந்தாம் ஸ்வரத்திற்கு மேலாக ஒலிக்கும். அது மிக ஓங்கினால், கீழ்க்குரல் எது, நடுக்குரல் எது என்று கேட்போர் மயங்குவர்.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலோகக்கம்பி சுற்றிய நரம்புகள் தோன்றின. இவை மெலிந்திருந்தே தாழ்ந்து ஒலிக்கும், ஓசையும் பிரகாசமுடையது. இக்காலத்துச் செயற்கை இழையின்மேல் கம்பி சுற்றிய நரம்புகளும் அத்தகையனவே. இவற்றைப் பூட்டுவோர்க்கு ஒரே சுருதி இணை இயலுவதாம். ஆயினும் இவற்றின் ஓசை நெடிது நிற்பதால், அடுத்தடுத்த மந்தர ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்புதல் கூடும். அப்பொழுது விரலால் நரம்பை அடக்குதல் வாசிப்போர் கடனாகும்.

ஆகவே நாம் கொள்ளும் முடிபு இது: குடல் நரம்பாயின் மந்தரத்திற்கு ஸ்தாயி இணையே தக்கது, ஆனால் மெல்லிய துணையின் இழுவிசையைச் சற்றுக் குறைத்து, பருத்ததே முதன்மையாய் ஒலிக்கச் செய்க. கம்பி சுற்றியதாயின், பருத்த நரம்பைத் தனியே மீட்டி, சற்றுத் தொலைவில் ஒருவரை நிறுத்திக் கேட்பிக்க. அதன் நடை தனித்து விளங்குமாயின் ஒரே சுருதி போதும். விளங்காதாயின் துணையைச் சேர்க்க. முன்னோர் வழக்கைக் காரணமறிந்து கைக்கொள்ளுதலே மாணாக்கர்க்கு அழகு. நரம்பின் இயல்பு மாறியவிடத்து, அவ்வழக்கினையும் மீண்டும் செவியால் ஆராய்தல் கடனென்க.