ஊர்ப்பெயர் உரைக்கும் நிலம்
(சென்னை மேற்குப் புறநகரில் ஒரு களப்பாடம்)

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். அவ்வந்நிலத்திற்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் அவர் சேர்த்துரைத்தார். மரத்தைப் போலவும் பறவையைப் போலவும் கலையும் மண்ணின் விளைவே என்பது இதனாற் பெறப்படும். இவ்விலக்கணத்தை நன்கு ஒப்பிக்கும் மாணவர் பலருக்குத் தம் தெருவுக்கு அப்பாலுள்ள ஏரியின் மதகு எங்கிருக்கிறது என்பது தெரியாது. பாடத்திற்கும் நிலத்திற்கும் இடையே நேர்ந்துள்ள இப்பிரிவைக் களப்பயணத்தால் எவ்வாறு நீக்கலாம் என்பதை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரில் வாழும் மரங்கள்

ஊர்ப்பெயர்களை இலக்கியமாகப் படிக்கலாம் என்பதைத் தம் ‘ஊரும் பேரும்’ நூலால் காட்டியவர் ரா. பி. சேதுப்பிள்ளை. அவர் காட்டிய வழியில் நோக்கினால், மேற்குப் புறநகரே ஒரு தாவர நூலாக விரியும். திருவேற்காடு வேலமரக் காட்டையும், மாங்காடு மாமரங்களையும், வேப்பம்பட்டு வேம்பையும், ஆலப்பாக்கம் ஆலையும், பருத்திப்பட்டு பருத்தியையும் நினைவூட்டுகின்றன. தொண்டைமானின் யானை முல்லைக்கொடியிற் சிக்கியது என்கிறது திருமுல்லைவாயில் தலவரலாறு. பூவிருந்தவல்லியில் நந்தவனம் அமைத்துத் திருக்கச்சிநம்பிகள் காஞ்சிக்கு மலர் கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. இவற்றை வரலாறு என்று கொள்ளாதவரும், இந்நிலத்தைப் பற்றி முன்னோர் கொண்டிருந்த நினைவு என்று ஏற்பர். மரம் போனாலும் பெயர் நிற்கிறது. பெயரைப் பொருளுணர்ந்து சொல்வாரும் இல்லையேல் அந்நினைவும் போகும்.

ஏரியை மறந்ததன் விலை

1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை தோன்றியது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி மக்கள் வந்து குடியேறினர். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகளும் ‘சொந்த ஊர் எது?’ என்றால் தந்தையின் ஊரையே கூறுவர். வாழும் மண் வாடகை மண்ணாகவே நின்றுவிட்டது.

ஆனால், நீர் தன் வழியை மறப்பதில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரியை நாடும். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றிற் கலக்கும். 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அதே ஏரி 2019 கோடையில் வறண்டு கிடந்தது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர் மக்கள் ஏரி வாரியம் அமைத்து நீர்நிலை காத்ததைத் தேர்வில் எழுதும் நாம், நம் ஏரியின் கலங்கலைக் கண்டறியாதிருப்பது பொருந்துமா?

கலை காட்டும் உறவு

தொண்டை மண்டல ஊர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பாரதக் கூத்து நிகழும். இறுதியில் படுகளத்தில் துரியோதனன் உருவை மண்ணாலேயே பேருருவாக அமைப்பர். ஊர் நிலமே அன்று ஆடரங்காகிறது. காப்பியப் புலவர்க்கும் இவ்வுணர்வு உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால் மழையும் ஆறும் நெல்வயலும் நிறைந்த மருத வளம் காட்டுகிறார். தாம் வணங்கிப் போற்றிய நாட்டைத் தாம் அறிந்த மண்ணின் கண்கொண்டே அவர் கண்டார். தன் மண்ணை அறியாதவன் பிற மண்ணைப் பாடுவது அரிது.

வழிகாட்டும் முயற்சிகள்

களத்திற் கற்பிக்கும் முயற்சிகள் அருகிலேயே உள்ளன. ஆவடிக்கு வடமேற்கே, பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டறிந்தார். அங்கு சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் நடத்திய அகழாய்வு, அக்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-இல் உலகிற்கு அறிவித்தது. இக்குழுவினர் சார்ந்த சர்மா மரபுக் கல்வி மையம் சிறுவர்க்குத் தொல்வரலாற்றுப் பயிலரங்குகளும் நடத்திவந்துள்ளது. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உண்டு. அடையாற்றின் முகத்துவாரப் பகுதியில் 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, மாணவர்க்குச் சூழலியல் கற்பிக்கும் நோக்குடையது. செம்பரம்பாக்கத்து நீர் கடலை அடையுமிடத்துத் தொல்காப்பியர் பெயர் நிற்பது எண்ணத்தக்கது.

களப்பயண முறை

தமிழ்த்துறைகள் ஆண்டுக்கொரு முறையேனும் இத்தகைய பயணத்தை மேற்கொள்ளலாம். அதனை நான்கு படிகளாக வகுக்கலாம்.

1. புறப்படுமுன் ஓர் ஊர்ப்பெயரை எடுத்து, அதன் சொற்பொருளையும் வழக்கிலுள்ள கதைகளையும் திரட்டுதல்.

2. கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றை நேரிற் கண்டு, நீர் வரும் வழியையும் போகும் வழியையும் படமாக வரைதல். 2019-இல் பூங்காவாகச் சீரமைக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரி இதற்கு ஏற்ற இடம்.

3. அவ்வூரில் உழவு செய்த முதியோர், மீன்பிடிப்போர், கூத்துக் கலைஞர் ஆகியோரிடம் சொற்களையும் பாடல்களையும் கேட்டு எழுதுதல். இங்கு அவரே ஆசிரியர், பேராசிரியரும் மாணவரே.

4. திரட்டியவற்றைப் படமாகவோ நாடகமாகவோ ஆக்கி, அவ்வூர் மக்கள் முன்னிலையிலேயே அரங்கேற்றுதல். ஊரிடம் பெற்றதை ஊருக்கே அளிக்கும் இப்படியை விட்டுவிடலாகாது.

முடிவுரை

அயலூரிலிருந்து வந்தவரும் பழங்குடியினரும் பல சமயத்தாரும் கலந்து வாழும் பகுதி இது. இவர் அனைவருக்கும் பொதுவாக இருப்பவை இவ்வேரிகளும் இப்பெயர்களுமே. முதியோர் இருக்கும்போதே கேட்டு, ஏரி இருக்கும்போதே கண்டு, அடுத்த தலைமுறைக்குச் சொல்லுதல் நம் கடன். ‘எங்கள் ஊர் அம்பத்தூர்’ என ஒரு மாணவன் தயக்கமின்றிச் சொல்லி, அதன் ஏரி நிரம்பினால் நீர் எங்குச் செல்லும் என்பதையும் உடன் சொல்வானாயின், அவன் கற்ற திணையிலக்கணம் பயன்தந்தது எனலாம்.