உழைக்காமல் வந்த மேன்மை

அய்யா துணை

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆண்கள் முதலில் போய் நிற்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி துணிமணிக்கும் சாப்பாட்டு வாளிக்கும் காவலாகப் படியில் உட்கார்ந்திருப்பாள். விடியுமுன் எழுந்து அந்தச் சாப்பாட்டைக் கட்டியவளும் அவளே. மற்றவர்கள் குளித்து முடித்த பிறகுதான் அவள் முறை வரும். நேரமாகிவிட்டால் காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்புவாள்.

அவளை யாரும் தடுக்கவில்லை. அருவியும் ஆள் பார்த்து விழவில்லை. முதலில் குளித்தவனிடம், "இது உனக்குக் கிடைத்த சலுகை" என்று சொன்னால் திகைத்துப்போவான். அவன் எதையும் பறிக்கவில்லை, கேட்டு வாங்கவுமில்லை. கேளாமலே கிடைத்ததால் அது கிடைத்ததே அவனுக்குத் தெரியவில்லை.

இப்படிப் பிறப்பால் வரும் மேன்மை உண்டா, இல்லையா என்று அன்பர்களுக்குள்ளேயே இரு பேச்சு எழுகிறது. "பனையேறியும் பாரம் சுமந்தும் முன்னுக்கு வந்தவர்களிடம், உங்களுக்குச் சும்மா கிடைத்தது என்று சொல்வது நியாயமா? உயர்ந்தது என்று சொல்லப்படும் சாதியிலும் அடுப்பெரியாத வீடு உண்டே" என்பது ஒரு பக்கம். "உழைப்பு எல்லாரிடமும் உண்டு. உழைத்தவன் நடந்த வழி திறந்திருந்ததா, அடைத்திருந்ததா என்பதுதான் கேள்வி" என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. உழைப்பு பொய்யில்லை, ஆனால் ஒருவர் பட்ட பாடு, அவருக்குத் திறந்திருந்த வழியை மறைத்துவிடக் கூடாது.

வழி அடைபடுவது என்றால் என்ன என்பதை அய்யாவழி மக்களைவிட அறிந்தவர் குறைவு. தென்காசிக்கு அடுத்திருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த மண். அய்யா வைகுண்டர் 1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டு, மாசி 20-இல் அவதார நாள் கண்ட காலத்தில், அந்த அரசில் சான்றோர் மக்கள் தலைவரி கட்டினார்கள். கூலியில்லா ஊழியம் செய்தார்கள். ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண் தோள்சீலை போடக் கூடாது, இடுப்பில் தண்ணீர்க்குடம் வைக்கக் கூடாது. ஆண் பட்டது சாதியின் பாரம். பெண் பட்டதோ சாதியோடு சேர்த்து மானத்தின் பாரமும். 1859 ஜூலை 26-இல் வந்த அரச ஆணைகூட, அந்தப் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்றே சொன்னது.

அந்த நாளில் தோள்சீலையோடு தெருவில் நடந்த மேல்சாதிப் பெண், தான் ஒரு சலுகையோடு நடப்பதாக நினைத்திருப்பாளா? அவளுக்கு அது வெறும் உடுப்பு. அந்த உடுப்புக்கு அடிபட்டவளுக்குத்தான் அதன் விலை தெரியும்.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கப் போன பட்டியல் சமூகப் பள்ளிப் பிள்ளைகளிடம், "ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் உங்களுக்குப் பண்டம் கிடையாது" என்று கடைக்காரர் சொல்லித் திருப்பி அனுப்பினார். காவல்துறை வழக்குப் போட்டுக் கைது செய்தது. நாடே அதைப் பார்த்தது. அந்தக் கடையில் தடையில்லாமல் மிட்டாய் வாங்கித் தின்ற மற்றப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். ஆனாலும் வெறும் மிட்டாயோடு இன்னொன்றும் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு அவர்கள் காசு கொடுக்கவில்லை.

அன்புக்கொடி மக்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. நேற்று கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று கடையும் தோட்டமும் பள்ளிக்கூடமும் வைத்து நடத்துகிறார்கள். அய்யா அருளாலும் முன்னோர் பாட்டாலும் வந்த உயர்வு அது. அந்தப் படியில் நின்று அடுத்த படியில் நிற்பவரைக் குனிந்து பார்த்து முகம் சுளித்தால், கலி வேறு வேடத்தில் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்றே பொருள்.

வீட்டுக்குள்ளும் அப்படியே. கடையம், பாவூர்சத்திரம் பக்கம் பள்ளி விட்டு வரும் மகள் அம்மாவோடு பீடிச் சுளகை மடியில் வைத்து உட்காருகிறாள். மகன் விளையாடப் போகிறான். இருவரும் பரீட்சை எழுதிய பிறகு, "பையன் கெட்டிக்காரன்" என்கிறார்கள். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் சட்டம் வந்தது. ஆனாலும் ஒரு சேலைக்கும் சீருக்கும் பதிலாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! அண்ணன் தம்பி கெட்டவர்கள் இல்லை. வழக்கம் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு அய்யா காட்டிய வழி எளியது. முத்திரிக் கிணற்றில் எல்லாரையும் ஒரே தண்ணீரை இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார். அந்தக் கிணற்றடியில் தாழ்ந்தவன் ஒன்றைப் பெற்றான், உயர்ந்தவன் என்று நினைத்தவன் ஒன்றை விட்டான். இரண்டும் சேர்ந்தால்தான் சமத்துவம். தாழ்ந்து கிடப்போரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்று அய்யா போதித்ததும் இதற்காகவே. தூக்கிவிடக் குனிய வேண்டும். தான் மேலே நிற்பதை உணராதவன் குனிய மாட்டான். பள்ளியறையில் அய்யா கண்ணாடி வைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நாமமிட்டு அதன் முன் நிற்பவர், உள்ளே உறையும் இறைவனோடு தன் முகத்தையும் காண்கிறார்.

ஆகவே பிறப்பால் வந்த மேன்மைக்காக யாரும் வெட்கப்பட்டு ஒடுங்க வேண்டாம். அதை இல்லை என்று சாதிக்கவும் வேண்டாம். கேளாமல் வந்ததைக் கேளாமலே பகிர்ந்துகொடுப்பது தர்மம்.

சிந்தனைக்கு:

1. ஊர்த் தாங்கலில் இனிமம் வாங்கும் வரிசையில் எல்லாச் சாதியாரும் தயங்காமல் வந்து நிற்கிறார்களா? வராதவரை யார் போய் அழைத்தது?

2. தாங்கல் காரியங்களை முடிவு செய்யும் கூட்டத்தில் பெண்கள் உட்காருகிறார்களா, அன்னதர்மத்துக்குக் காய் நறுக்க மட்டும் வருகிறார்களா?

3. அடுத்த முறை குற்றாலம் போகும்போது, சாப்பாட்டு வாளிக்கு முதலில் காவல் இருப்பவர் யார்?

அய்யா உண்டு.