மலையேறிய மருத்துவம்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே இம்மலைக்கு வழங்கி வருகிறது. தாப்பாவிலிருந்து பழைய மலைச்சாலை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் தானா ராத்தா நகரை அடையலாம். வழி நெடுகிலும் வளைவுகள். மழைக்காலத்தில் மூடுபனியும் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். சுற்றுப்பயணிகளுக்கு இது இனிய பயணம். ஆனால், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வாழும் ஒருவர் நள்ளிரவில் நோய்வாய்ப்பட்டால், அதே சாலை உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரமாக மாறிவிடுகிறது.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் தோன்றின. காடு திருத்தி, கன்று நட்டு, கொழுந்து பறித்து இத்தோட்டங்களை உருவாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. அவர்கள் நகரத்திலிருந்து வெகு தொலைவில், தோட்டத்து லயன் வீடுகளில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களை மருத்துவம் எவ்வாறு சென்றடைந்தது? இன்று மலையில் உழைப்பவர்களை அது எந்த அளவுக்குச் சென்றடைகிறது? இவ்விரு கேள்விகளும் உலகின் பல ஏழை நாடுகள் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளே.

மூன்று தாமதங்கள்

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் அதில் கூறுகிறார். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது. நோயாளி ஓரிடத்திலும் மற்ற மூன்றும் வேறோரிடத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதே தோட்டப்புறங்களின் சிக்கல்.

இச்சிக்கலை விளக்க, தாடியஸ், மேன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்து உதவுகிறது. பேறுகாலத்தில் தாய்மார்கள் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன என்றார்கள் அவர்கள். முதலாவது, மருத்துவ உதவியை நாட வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம். இரண்டாவது, மருத்துவமனையைச் சென்று சேர்வதில் ஏற்படும் தாமதம். மூன்றாவது, சென்று சேர்ந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம்.

மலைத்தோட்டம் ஒன்றில் வாழும் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தவுடன் அவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கடுமையான இரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உயிரைப் பறிக்கக்கூடும். ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று வீட்டார் அரை மணி நேரம் காத்திருந்தால் அது முதல் தாமதம். வாகனம் தேடி, பனியில் மலைப்பாதையைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனால் அது இரண்டாம் தாமதம். மருத்துவமனையில் அவருக்கேற்ற இரத்தம் இருப்பில் இல்லையென்றால் அது மூன்றாம் தாமதம். எந்த ஒரு தாமதமும் தனியாக அவரைக் கொன்றுவிடாமல் இருக்கலாம். மூன்றும் கூடினால் உயிர் தங்காது. எனவே, சுகாதார அமைப்பை வலுப்படுத்துவது என்றால் பெரிய மருத்துவமனை ஒன்றைக் கட்டுவது மட்டுமன்று; இந்த மூன்று தாமதங்களையும் ஒருசேரக் குறைப்பதாகும்.

தோட்டத்து மருந்தகம்

ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவின் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் எண்ணற்ற தொழிலாளர்களைப் பலிகொண்டன. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி, கொசுக்கள் பெருகுவதைத் தடுத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். நோயைக் குணப்படுத்துவதைப் போலவே நோய் வராமல் தடுப்பதும் மருத்துவம்தான் என்பதைத் தோட்டங்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

1912ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி அளிக்க வேண்டிய பொறுப்பு இத்தகைய சட்டங்களால் தோட்ட நிர்வாகங்களின்மேல் சுமத்தப்பட்டது. தோட்டந்தோறும் சிறு மருந்தகம் எழுந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவ உதவியாளரைத் தொழிலாளர்கள் ‘டிரெசர்’ என்று அழைத்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, நிலைமை மோசமானால் மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் அவர் பணி. தொழிலாளரின் மொழியைப் பேசி, குடும்பங்களின் பெயரறிந்து பழகியவர் என்பதால், அவரை நாட மக்கள் தயங்கவில்லை. முதல் தாமதத்தை அவர் பெருமளவு குறைத்தார்.

ஆயினும், இம்முறையில் பெரிய குறை ஒன்று இருந்தது. மருத்துவம் தொழிலாளரின் உரிமையாக அல்லாமல் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. நிர்வாகம் அக்கறை காட்டிய தோட்டத்தில் மருந்தகம் நன்றாக இயங்கியது. காட்டாத தோட்டத்தில் பெயரளவில் இருந்தது. வேலையை இழந்தவர் வீட்டோடு மருந்தகத்தையும் இழந்தார். இக்குறைகளைக் களையச் சட்டங்கள் படிப்படியாக வந்தன. 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவ உதவியாளர்கள் பதிவு பெற வேண்டும் என்று விதித்தது. தொழிலாளர்களின் வீடமைப்புக்கும் அடிப்படை வசதிகளுக்குமான குறைந்தபட்சத் தரங்களை 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

கிராமத்தைத் தேடி வந்த கிளினிக்

மலாயா 1957இல் விடுதலை பெற்றபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் தம் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. மருத்துவர்கள் குறைவு, இருந்தவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தார்கள். எல்லா ஊர்களிலும் மருத்துவமனை கட்ட நாட்டிடம் பணமில்லை.

எனவே, 1950களில் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம். 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம். 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று மூன்று படிகள் அமைக்கப்பட்டன. மருத்துவச்சியின் வீடும் கிளினிக்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் பயிற்சி பெற்ற ஒருவர் எழுந்து வருவார். 1970களில் இது இரண்டு படிகளாக மாற்றப்பட்டு, ‘கிளினிக் கெசிஹாத்தான்’, ‘கிளினிக் டேசா’ என இன்று நாம் அறிந்த வடிவத்தைப் பெற்றது.

கிராமங்களில் பிரசவம் பார்த்த பாரம்பரிய மருத்துவச்சிகளை அரசு பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பயிற்சி அளித்துத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1989ஆம் ஆண்டில் கர்ப்பிணிகளின் அட்டையில் நிறக்குறி இடும் முறை அறிமுகமானது. வெள்ளை நிறம் என்றால் தாதியின் கண்காணிப்பே போதும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பச்சையும் மஞ்சளும் இடைப்பட்ட நிலைகள். எளிய இந்த நிறங்கள், ‘போகலாமா, வேண்டாமா’ என்ற குழப்பத்தைப் போக்கின. இன்று மலேசியாவில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. நாடு செல்வம் பெறும் முன்பே இம்மாற்றம் தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

தோட்டங்களோ தனியார் நிலங்கள். அதனால் கிராமங்களுக்குக் கிடைத்த இவ்வசதி தோட்டத்து மக்களை அதே வேகத்தில் சென்றடையவில்லை. பக்கத்துக் கிராமத்தில் அரசு கிளினிக் இருந்தாலும், தோட்டத்துச் சுகாதாரம் நெடுங்காலம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே கருதப்பட்டது.

இன்றைய சங்கிலி

இன்று கேமரன் மலையில் மருத்துவம் ஒரு சங்கிலியைப் போல் அமைந்துள்ளது. ரிங்லெட், கம்போங் ராஜா போன்ற ஊர்களில் அரசு சுகாதாரக் கிளினிக்குகள் உள்ளன. தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை உள்ளது. சிறப்பு மருத்துவர் தேவைப்படும் நோயாளிகளை ஈப்போ போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். மலேசியக் குடிமக்கள் அரசு கிளினிக்கில் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஒரு ரிங்கிட் செலுத்தினால் போதும்.

சங்கிலியின் வலிமை அதன் கண்ணிகளைப் பொறுத்தது. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் மண்சரிவும் சேற்று வெள்ளமும் ஏற்பட்டு உயிர்கள் பலியாயின. அத்தகைய வேளையில் சாலை துண்டிக்கப்பட்டால் நல்ல மருத்துவமனையும் எட்டாத பொருளாகிவிடும். ஆகவே, மலைப்பகுதியில் உறுதியான சாலை, அவசர மருத்துவ ஊர்தி, தொலைபேசித் தொடர்பு ஆகியனவும் மருத்துவத்தின் பகுதிகளே.

சங்கிலிக்கு வெளியே நிற்பவர்கள்

இன்று தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்ததைப் போலவே அவர்களும் பிழைப்பைத் தேடி வந்திருக்கிறார்கள். மூன்று தாமதங்களும் இன்று அவர்களையே அதிகம் தாக்குகின்றன. மொழி தெரியாத இடத்தில் நோயை எடுத்துச் சொல்ல இயலாது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடுமோ என்ற அச்சம் உண்டு. அரசு மருத்துவமனையில் குடிமக்கள் அல்லாதோர் செலுத்த வேண்டிய கட்டணமும் பன்மடங்கு அதிகம். ஆவணம் இல்லாதவரோ பிடிபடுவோம் என்று அஞ்சிக் கிளினிக் பக்கமே செல்வதில்லை.

சில மாற்றங்கள் வந்துள்ளன. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பைப் பெறுகிறார்கள். 2021இல் கோவிட்-19 தடுப்பூசி குடிமக்கள் அல்லாதோருக்கும் இலவசமாகப் போடப்பட்டது. ஒரே விடுதியில் பலர் சேர்ந்து வாழும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் காக்க முடியாது என்பதை அத்தொற்று உணர்த்தியது. கிருமி கடப்பிதழ் பார்த்து வருவதில்லை.

உலகம் கற்கும் பாடம்

1978ஆம் ஆண்டில் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், அடிப்படைச் சுகாதாரச் சேவை மக்கள் வாழும் இடத்திற்கே செல்ல வேண்டும் என்று அறிவித்தன. ஆயினும், உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இன்றியமையாத மருத்துவச் சேவைகள் இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023இல் தெரிவித்தன. இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். ஆனால், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவப் பொறுப்பு நெடுங்காலம் நிர்வாகங்களிடமே இருந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோருக்கு மருந்துகள் வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகின்றன. நோயாளி மருத்துவத்தைத் தேடி அலைவதைக் குறைத்து, மருத்துவம் நோயாளியைத் தேடிச் செல்லும் முயற்சி இது.

ஏழை நாடு ஒன்று எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு மலேசியாவின் கிராமப்புற அனுபவம் விடை தருகிறது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி, சிறிய கிளினிக், குறைந்த கட்டணம், ஆபத்து வேளையில் அடுத்த படிக்கு அனுப்பும் ஒழுங்கு ஆகியவை போதும். பெரிய மருத்துவமனைகள் பின்னர் எழலாம். யார் அதனைப் பெறலாம் என்ற கேள்விக்குத் தோட்டங்களின் அனுபவம் விடை தருகிறது. மருத்துவம் ஒருவரின் முதலாளியையோ வேலையையோ பொறுத்து அமைந்தால், அதிகம் தேவைப்படுபவருக்கே அது கிட்டாமல் போகும். ஒரு நாட்டின் சுகாதார அமைப்பு வலுவானதா என்பதை அறியத் தலைநகரின் பெரிய மருத்துவமனையை மட்டும் பார்த்தால் போதாது. மலைச்சரிவின் கடைசி விடுதியில் இருப்பவருக்கு அது எத்தனை மணி நேரத்தில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிந்தித்து விடையளி

1. மூன்று தாமதங்கள் யாவை? ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. தோட்டத்து மருந்தக முறையின் ஒரு நன்மையையும் ஒரு குறையையும் எழுதுக.
3. கர்ப்பிணிகளின் அட்டையில் இடப்பட்ட நிறக்குறி எந்தத் தாமதத்தைக் குறைத்தது? எவ்வாறு?
4. ‘சாலையும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.’ இக்கூற்றை விளக்குக.
5. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி எளிதில் கிடைக்க உங்கள் வட்டாரத்தில் செய்யக்கூடிய இரண்டு ஏற்பாடுகளைக் குழுவில் கலந்துரையாடிக் கூறுக.