அந்துப்பூச்சியின் விருப்பத்தை அளத்தல்

துவரையை அழிக்கும் காய்ப்புழு, ஓர் அந்துப்பூச்சி இடும் முட்டையினின்று தோன்றுவது. முட்டையிட அது எச்செடியை விரும்புகிறது என்றறிந்தால் பயிரைக் காக்க வழி பிறக்கும். பேசாத உயிரின் விருப்பத்தை அளப்பது எங்ஙனம்?

ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் 1972-இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் அனைத்துலகப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு மூவகைச் சோதனைகள் கையாளப்பெற்றன. கூண்டினுள் முதற் சோதனையில் ஒரே வகைச் செடியும், அடுத்ததில் இரு வகைகளும், மூன்றாவதில் பல வகைகளும் வைக்கப்பெறும். அந்துப்பூச்சிகளை உள்ளே விட்டுப் பின்னர்ச் செடிதோறும் முட்டைகளை எண்ணுவர்.

உதாரணமாக, ஒரு செடியில் 80 முட்டைகளும் மற்றொன்றில் 20 முட்டைகளும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடாகிய 60-ஐ மொத்தமாகிய 100-ஆல் வகுத்தால் 0.6 கிடைக்கும். இதுவே விருப்பக் குறியீடு. ஒளி படும் திசையும் பூச்சியை ஈர்க்கக்கூடுமாதலால், செடிகளை இடம் மாற்றியும் சோதித்தல் வேண்டும்.

எனினும் இவ்வெண் ஒப்பீடேயாகும். இரண்டாம் செடி தனித்திருப்பின் பூச்சி அதிலேயே முட்டையிடலாம். உழவரின் வயலில் பெரும்பாலும் ஒரே இரகமே நிற்கிறது. அங்கே பூச்சிக்குத் தேர்வில்லை. ஆதலின் தேர்வற்ற சோதனையிலும் தேறும் செடியே நம்பத்தக்கது. காஜானஸ் ஸ்கேரபேயாய்டிஸ் என்னும் காட்டினத்தின் சில வகைகளில், மூன்று சோதனைகளிலும் முட்டைகள் குறைவாகவே காணப்பட்டன. துவரையின் நெருங்கிய உறவாகிய அதனைப் பயிர்ப்பெருக்க அறிஞர் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.